சோம்பலா? சுரப்பியின் குறையா?

“எப்போதும் சோம்பல், எதிலும் சுறுசுறுப்பே இல்லை” என்று சிலரைப் பற்றிப் பிறர் பேசுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பல வீடுகளில் இந்தப் பேச்சு நடுவயதுப் பெண்களைப் பற்றியதாகவே இருக்கும். முன்பெல்லாம் விடியுமுன் எழுந்து வேலை பார்த்தவர், இப்போது பொழுது விடிந்த பின்னும் எழ முடியாமல் படுத்திருக்கிறார். உண்பது குறைவு, ஆனால் உடல் பருக்கிறது. மார்கழி போய்ப் பங்குனி வந்த பிறகும் போர்வையைத் தேடுகிறார். அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிடுகிறார். மாதவிடாய் முறை தவறி வருகிறது. வந்தால் இரத்தப்போக்கு அளவை மீறுகிறது. வீட்டார் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காரணம் சொல்கின்றனர். இவை அனைத்துக்கும் ஒரே காரணம் இருக்கக்கூடும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

அந்த ஒரே காரணம் கழுத்திலுள்ள ஒரு சிறு சுரப்பியின் தளர்ச்சியாக இருக்கலாம். அது எப்படி உடல் முழுவதையும் தளர்த்துகிறது, மாதவிடாயை ஏன் குலைக்கிறது, அதைக் கண்டறிவது எவ்வாறு என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கேடயச் சுரப்பி

நம் உடலில் இருவகைச் சுரப்பிகள் உள்ளன. உமிழ்நீர்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி போன்றவை தம் நீரைக் குழாய் வழியே வெளியேற்றுகின்றன. மற்றொரு வகைக்குக் குழாய் இல்லை. அவை தாம் உண்டாக்கும் பொருளை நேரே இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. இவையே நாளமில்லாச் சுரப்பிகள். இவை சுரக்கும் பொருள்களுக்கு ஹார்மோன்கள் என்று பெயர்.

நாளமில்லாச் சுரப்பிகளுள் ஒன்று தைராய்டு. குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலின் முன்புறத்தில், சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல் இது அமைந்துள்ளது. வளர்ந்தவர்களிடம் இதன் எடை ஏறத்தாழ 20 கிராம்தான். 1656-ஆம் ஆண்டில் தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர் இதற்குத் தைராய்டு என்று பெயரிட்டார். கேடயம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பெயர் வைத்துவிட்டார்களே தவிர, இதன் வேலை யாது என்பது அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் புலப்படவில்லை.

வேலை புலப்பட்ட வரலாறு

1873-இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் கல், வளர்ந்த பெண்கள் சிலரிடம் கண்ட ஒரு புதுமையான நோயை விவரித்தார். முகம் ஊதியிருந்தது. பேச்சு மெதுவாகிவிட்டது. சிந்தனையும் மந்தமாயிற்று. 1878-இல் வில்லியம் ஆர்ட் என்பவர் இதற்கு ‘மிக்சிடீமா’ என்று பெயரிட்டார். காரணம் மட்டும் தெரியவில்லை.

விடை சுவிட்சர்லாந்திலிருந்து கிடைத்தது. அந்நாட்டு மலைப்பகுதிகளில் தைராய்டு வீங்கிக் கழலையாகத் தொங்கும் நோய் மிகுதி. தியோடர் கோக்கர் என்ற அறுவை மருத்துவர் அந்தக் கழலைகளை நீக்குவதில் வல்லவர். சுரப்பியை முழுவதும் நீக்கப்பட்டவர்கள் நாளடைவில் உடல் தளர்ந்து, முகம் ஊதி, அறிவு மந்தமாகிப் போனதை அவர் கண்டு, 1883-இல் வெளியிட்டார். இலண்டனில் பெண்களிடம் தாமாகத் தோன்றிய அதே குறிகள் இங்கே சுரப்பியை எடுத்தபின் தோன்றின! எனவே, அந்தப் பெண்களின் சுரப்பியும் வேலை செய்யாமல் நின்றிருக்க வேண்டும் என்ற முடிவு கிடைத்தது. தைராய்டு பற்றிய ஆராய்ச்சிக்காகக் கோக்கர் 1909-இல் நோபல் பரிசு பெற்றார்.

குறைந்ததைக் கொடுத்தால் நோய் தீருமா? 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர் இதனைச் சோதித்தார். ஆட்டின் தைராய்டிலிருந்து சாறு எடுத்து, மிக்சிடீமாவால் துன்புற்ற 46 வயதுப் பெண்மணிக்கு ஊசி வழியே செலுத்தினார். வீக்கம் வடிந்தது, சுறுசுறுப்புத் திரும்பியது. அவர் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1919-இல் 74-ஆம் வயதில் காலமானார். இடைப்பட்ட காலத்தில் அவர் ஒருவருக்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன என்று மரே கணக்கிட்டார்.

அந்தச் சாற்றில் உள்ள மருந்துப்பொருள் எது என்பதை அமெரிக்க வேதியியலார் எட்வர்ட் கெண்டல் கண்டார். 1914 டிசம்பர் 25 அன்று அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதுவே தைராக்சின். 1927-இல் சார்லஸ் ஹாரிங்டனும் ஜார்ஜ் பார்ஜரும் இதனை ஆய்வகத்திலேயே செய்து காட்டினர். இன்று ஆடுகள் தேவையில்லை. ஒரு சிறு மாத்திரை போதும்.

அயோடின் கணக்கு

தைராக்சின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன. எனவே இதை டி-4 என்றும் அழைப்பர். திசுக்களை அடைந்ததும் இதிலிருந்து ஓர் அயோடின் அணு நீக்கப்பட்டு, மூன்று அணுக்களுள்ள டி-3 உண்டாகிறது. டி-3தான் செல்லின் உட்கருவில் சென்று வேலை செய்கிறது.

வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் அயோடின் 150 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓராண்டுக்கு 150 × 365 = 54,750 மைக்ரோகிராம்; அதாவது சுமார் 55 மில்லிகிராம். எழுபது ஆண்டு வாழ்வுக்கு ஏறத்தாழ 3.8 கிராம். வாழ்நாள் முழுவதற்கும் வேண்டிய அயோடினைத் திரட்டினாலும் ஒரு தேக்கரண்டி நிறையாது! ஆனால் அந்தச் சிறு அளவு அன்றாடம் கிடைத்தாக வேண்டும்.

வண்டியும் சாட்டையும்

தைராய்டு தன் விருப்பம்போல் சுரப்பதில்லை. மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி அதனை மேற்பார்க்கிறது. இரத்தத்தில் தைராக்சின் குறைந்தால், பிட்யூட்டரி டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அதிகம் அனுப்பித் தைராய்டைத் தூண்டும். தைராக்சின் போதுமானதும் டி.எஸ்.எச். குறைந்துவிடும். பிட்யூட்டரிக்கும் மேலே, மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் டி.ஆர்.எச். என்னும் மற்றொரு ஹார்மோனால் ஆணையிடுகிறது.

இதனை ஒரு மாட்டுவண்டியோடு ஒப்பிடலாம். வண்டியின் வேகம் தைராக்சின். இழுக்கும் மாடு தைராய்டு. ஓட்டுபவர் பிட்யூட்டரி. அவர் கையிலுள்ள சாட்டை டி.எஸ்.எச். வேகம் குறைந்தால் சாட்டை ஓங்குகிறது. வேகம் சரியானால் தாழ்கிறது. மாடு நோயுற்று மெலிந்துவிட்டால் என்ன ஆகும்? வேகம் குறையும், சாட்டையடி பெருகும். அதனால்தான் தைராய்டு தளர்ந்தவரின் இரத்தத்தில் தைராக்சின் குறைந்தும் டி.எஸ்.எச். மிகுந்தும் காணப்படுகின்றன. மருத்துவர் முதலில் அளப்பது டி.எஸ்.எச்.-ஐத்தான். மாடு சற்றே தளரும்போதே சாட்டை ஓங்கத் தொடங்கிவிடும். ஆகவே நோயை முன்கூட்டியே அறிவிப்பது அதுதான்.

எங்கும் ஏன் தளர்ச்சி?

செல்கள் எவ்வளவு விரைவாக உணவை எரித்து ஆற்றலாக்க வேண்டும் என்பதைத் தைராய்டு ஹார்மோன்கள் தீர்மானிக்கின்றன. அடுப்பின் தீயைக் கூட்டிக் குறைக்கும் கை என்று இவற்றைச் சொல்லலாம். தீ தணிந்தால் வெப்பம் குறையும். எனவே குளிர் தாங்க முடிவதில்லை. இதயம் மெதுவாகத் துடிக்கிறது. குடலின் அசைவு குறைவதால் மலச்சிக்கல் உண்டாகிறது. மூளையின் வேலை தாமதப்படுவதால் மறதியும் மனச்சோர்வும் வருகின்றன. தோல் வறள்கிறது; முடி உதிர்கிறது. நீரைப் பிடித்து வைக்கும் பொருள்கள் தோலுக்கடியில் சேர்வதால் முகம் ஊதுகிறது. குரல்நாண் தடித்துக் குரல் கம்முகிறது. எடை கூடுவதும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் சில கிலோ அளவே. மிகையான பருமனுக்கெல்லாம் தைராய்டின் மேல் பழி போடுவது சரியன்று.

இந்த நிலைக்குத் தைராய்டு குறைசுரப்பு என்று பெயர். இதற்கு நேர்மாறானது மிகைசுரப்பு. அதில் எடை குறையும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வெப்பம் தாங்காது, மாதவிடாய் குறைந்து போகும்.

மாதவிடாய் ஏன் மாறுகிறது?

பெண்ணின் சூலகத்திலிருந்து ஏறத்தாழ மாதம் ஒரு முட்டை வெளிப்படுகிறது. அதற்கு முன் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கருப்பையின் உட்சவ்வைத் தடிக்கச் செய்கிறது. முட்டை வெளிப்பட்டபின் புரோஜெஸ்டிரோன் சுரந்து அந்தச் சவ்வை நிலைப்படுத்துகிறது. கரு தங்காவிட்டால் இரண்டும் குறைகின்றன; சவ்வு உதிர்கிறது. இதுவே மாதவிடாய்.

தைராய்டு தளர்ந்தால், ஹைப்போதலாமஸ் டி.ஆர்.எச்.-ஐ மிகுதியாக அனுப்பும் அல்லவா? அந்த டி.ஆர்.எச். பிட்யூட்டரியிலிருந்து மற்றொரு ஹார்மோனையும் வெளிப்படுத்துகிறது. அது தாய்ப்பால் சுரப்பதற்கான புரோலாக்டின். பால் கொடுக்கும் தாய்க்கு மாதவிடாய் தள்ளிப்போவது இதனால்தான். பால் கொடுக்காத பெண்ணிடம் புரோலாக்டின் மிகுந்தால், முட்டை வெளிப்படுவது தடைப்படுகிறது. முட்டை வெளிப்படாவிட்டால் புரோஜெஸ்டிரோன் இல்லை. சவ்வு நிலைப்படாமல் தடித்துக்கொண்டே போய், காலம் தவறி, அளவு மீறி உதிர்கிறது. இரத்தம் உறைவதற்கு உதவும் சில புரதங்களும் இந்நோயில் குறையக்கூடும். அதுவும் இரத்தப்போக்கை மிகுவிக்கும்.

இத்துடன் முடியவில்லை. இரத்தத்தோடு இரும்புச்சத்தும் போகிறது, சோகை வருகிறது. தைராக்சினை உண்டாக்கும் நொதிக்கு இரும்பு இன்றியமையாதது. இரும்பு குறைந்தால் தைராய்டு மேலும் தளரக்கூடும். ஒரு குறை மற்றொன்றை வளர்க்கிறது. சோகையாலும் களைப்பு, தைராய்டாலும் களைப்பு. இவ்வளவும் ஒருவர் உடலில் நிகழும்போது, ‘சோம்பல்’ என்ற ஒரே சொல்லால் அதை முடித்துவிடுவது எவ்வளவு பெரிய தவறு!

குழந்தைப்பேறு தாமதப்படுவதற்கும் கருச்சிதைவுக்கும் தைராய்டு குறைசுரப்பு ஒரு காரணமாகலாம். கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் சிசுவுக்குச் சொந்தமாகத் தைராக்சின் உண்டாக்கும் திறன் இல்லை. அதன் மூளை வளரத் தாயின் தைராக்சினே வேண்டும். எனவே இக்காலத்தில் தாய்க்கு மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும், நிறுத்துவதோ பேராபத்து.

சுரப்பி ஏன் தளர்கிறது?

முதற்காரணம் அயோடின் குறைவு. மலைப்பகுதிகளில் மழையும் பனியாறுகளும் மண்ணிலுள்ள அயோடினை அரித்துச் சென்றுவிடுகின்றன. அங்கு விளையும் உணவிலும் அது இராது. தைராய்டு தன்னால் இயன்றவரை பருத்து, கிடைப்பதைப் பிடிக்க முயல்கிறது. அதுவே முன்கழுத்துக் கழலை.

இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் மருத்துவ அறிஞர் வி. இராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் ஒரு பெரிய சோதனையைத் தொடங்கினர். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தனர். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பையும், ஒன்றுக்குச் சாதாரண உப்பையும் வழங்கினர். ஐந்தாறு ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் கழலை நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சாதாரண உப்பு உண்ட பகுதியில் குறையவில்லை. 1962-இல் இந்திய அரசு தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2006 முதல் அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாக உண்பதற்கு விற்பது நாடெங்கும் தடை செய்யப்பட்டுள்ளது.

“உப்பு கடலிலிருந்துதானே வருகிறது? தூத்துக்குடி உப்பளத்து உப்பில் அயோடின் தானாக இராதா?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கடல்நீரில் அயோடின் மிகச் சிறிதளவே உள்ளது. நீர் வற்றி உப்புப் படியும்போது அதில் தங்குவது இன்னும் குறைவு. எனவே வெளியிலிருந்து சேர்த்தாக வேண்டும்.

அயோடின் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில் குறைசுரப்புக்கு முதன்மையான காரணம் வேறு. 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகரு ஹஷிமோட்டோ நான்கு பெண்களின் தைராய்டை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். சுரப்பி முழுவதும் வெள்ளணுக்கள் நிறைந்திருப்பதைக் கண்டார். கிருமிகளைத் தாக்க வேண்டிய காவற்படை, தன் உடலின் சுரப்பியையே பகையாகக் கருதி அழிக்கும் நோய் இது என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. இது ஆண்களைவிடப் பெண்களுக்குப் பன்மடங்கு அதிகம். குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு. இந்நோய்க்கு அயோடினை அள்ளி உண்பது மருந்தாகாது. அதனால் கேடும் விளையலாம்.

ஒரு சொட்டு இரத்தம், ஒரு சிறு மாத்திரை

மேலே கூறிய குறிகள் ஒவ்வொன்றும் வேறு காரணத்தாலும் வரலாம். களைப்பு சோகையாலும் வரும், நீரிழிவாலும் வரும், தூக்கக் குறைவாலும் வரும். இரத்தப்போக்குக் கருப்பையில் உண்டாகும் நார்க்கட்டிகளாலும் மிகும். ஆகவே குறிகளை மட்டும் வைத்து முடிவு செய்யலாகாது. கையிலிருந்து எடுக்கும் சிறிதளவு இரத்தத்தில் டி.எஸ்.எச்.-ஐ அளந்தால் தெரிந்துவிடும். வளர்ந்தவர்களுக்கு இது லிட்டருக்குச் சுமார் 0.4 முதல் 4 மில்லி அலகு வரை இருக்கும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும்.

குறைசுரப்பு உறுதியானால் மருத்துவர் தைராக்சின் மாத்திரை தருவார். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீருடன் விழுங்கி, அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பியோ உணவோ கொள்ள வேண்டும். இரும்பு, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகள் இதனைக் குடலில் பிடித்துக்கொள்வதால், அவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை.

இங்கே பலர் தவறுகின்றனர். உடல் தேறியதும், “நோய் போய்விட்டது” என்று மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். தைராக்சின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். எனவே நிறுத்திய மறுநாளோ மறுவாரமோ எதுவும் தெரியாது. சில வாரங்களுக்குப் பின் பழைய தளர்ச்சி மெல்ல வந்து சேரும். அதற்குள் மாத்திரையை நிறுத்தியதே மறந்து போயிருக்கும்! அழிந்த சுரப்பியை மாத்திரை மீட்பதில்லை. அதன் வேலையைத் தான் செய்கிறது. பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் இதனை உட்கொள்ள வேண்டும். அளவு சரியாக இருந்தால் மற்றவர்களைப் போலவே நலமாக வாழலாம். உடல் இளைப்பதற்காக நோயில்லாதவர்கள் இதை விழுங்குவது இதயத்துக்கு ஆபத்து.

மாணவியருக்கு ஒரு சொல்

பூப்பெய்திய முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாதவிடாய் முன்பின்னாக வருவது இயல்பே, அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இரத்தப்போக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும், ஓரிரு மணி நேரத்துக்கு ஒருமுறை துணியோ பஞ்சுப் பட்டையோ நனைந்து மாற்ற வேண்டியிருந்தாலும், மூன்று மாதம் வராமல் நின்றாலும் தாயிடமோ ஆசிரியையிடமோ சொல்லி மருத்துவரைக் காண வேண்டும். இதில் வெட்கத்துக்கு இடமில்லை. மாணவர்களும் இதனை அறிந்திருத்தல் நன்று. அவர்கள் வீட்டிலும் தாயும் உடன்பிறந்தவர்களும் உள்ளனர்.

யாரையேனும் சோம்பேறி என்று சொல்லுமுன், “முன்பு இப்படி இருந்தாரா? எப்போதிலிருந்து மாறினார்?” என்று எண்ணிப் பாருங்கள். மாடு நோயுற்றிருக்கும்போது சாட்டையை ஓங்குவதால் வண்டி ஓடாது.

செய்து பாருங்கள்

1. கண்ணாடி முன் நின்று, தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள். குரல்வளை மேலே ஏறி இறங்குவதைக் காணலாம். தைராய்டும் அதனுடன் ஏறி இறங்கும். கழலை இருந்தால் மருத்துவர் இப்படித்தான் கண்டுகொள்கிறார்.

2. ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்தபின், வீட்டிலுள்ள பெரியவர்களின் நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஓய்விலிருக்கும்போது பொதுவாக 60 முதல் 100 வரை இருக்கும்.

3. வீட்டு உப்பு உறையில் அயோடின் அளவு அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். உப்பைக் காற்றும் ஈரமும் புகாத, மூடியுள்ள பாத்திரத்தில் வைக்கச் சொல்லுங்கள். திறந்து வைத்தால் அயோடின் குறையும்.

சிந்தியுங்கள்

1. கடையில் விற்கும் உப்பில் குறைந்தது பத்து இலட்சத்துக்கு 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு உண்பவருக்கு அதிலிருந்து எத்தனை மைக்ரோகிராம் கிடைக்கும்? மீதித் தேவை எந்தெந்த உணவுகளிலிருந்து கிடைக்கலாம்? (பால், முட்டை, மீன் ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள்.)

2. ஒருவரின் இரத்தத்தில் தைராக்சினும் டி.எஸ்.எச்.-உம் இரண்டுமே குறைவாக உள்ளன. வண்டி உவமையை வைத்துச் சொல்லுங்கள்: குறை மாட்டிலா, ஓட்டுபவரிடமா?